டாஸ் நிரலாக்கத்தில் வன்பொருளுக்காக நீட்டித்த நினைவகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவீட்டு அட்டை, இயந்திரக் கட்டுப்பாட்டு அட்டை, பழைய ஒலி அட்டை, வீடியோ அட்டை போன்றவற்றை டாஸ் நிரலிலிருந்து நேரடியாக இயக்க முயல்வோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. சி மொழியும் ஓரளவு அசெம்பிளியும் தெரிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்டரப்ட் எண்கள், செயல் எண்கள், போர்ட் எண்கள், முகவரிகள், ஆஃப்செட்டுகள், ரிஜிஸ்டர் மதிப்புகள் ஆகியவை பதினறும முறையில் தரப்படுகின்றன. அவற்றில் ஒன்பதுக்கு மேற்பட்ட இலக்கங்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதப்படும். கிலோபைட், மெகாபைட் அளவுகளும் பிட் எண்களும் வழக்கமான தசம எண்கள்; பிட்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும்.

ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தை டாஸ் ஏன் தானாகவே தருவதில்லை?

டாஸ் 8086 செயலிக்காக எழுதப்பட்டது. அந்தச் செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் மட்டுமே உண்டு. செக்மென்ட்டை 16 ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் கிடைக்கும் முகவரி ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் கீழ் 640 கிலோபைட் நிரல்களுக்கும், மேல் 384 கிலோபைட் வீடியோ, பயாஸ், அட்டைகள் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டன. 1982 இல் வந்த 80286 செயலி 16 மெகாபைட் வரையிலும், 1985 இல் வந்த 80386 செயலி 4 ஜிகாபைட் வரையிலும் தொட வல்லவை என்றாலும், ரியல் மோடில், அதாவது 8086 போலவே நடக்கும் நிலையில், இயங்கும்போது அவையும் பழைய வரம்புக்குள்தான் நடந்துகொள்கின்றன. இன்டரப்ட் 21 இன் 48 ஆம் செயலைக் கேட்டால் அந்த வரம்புக்கு உட்பட்ட நினைவகம் மட்டுமே கிடைக்கும்.

வரம்புக்கு மேலிருப்பதே நீட்டித்த நினைவகம், அதாவது எக்ஸ்டெண்டட் மெமரி. எக்ஸ்பாண்டட் மெமரி எனப்படும் இஎம்எஸ் வேறு: அது 64 கிலோபைட் சாளரம் ஒன்றின் வழியே 16 கிலோபைட் பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. வன்பொருள் வேலைக்கு அது அரிதாகவே பயன்படுவதால் இங்கே விட்டுவிடுகிறோம்.

நினைவகத்தை ஒதுக்குவதும் மேப் செய்வதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுவதிலிருந்துதான் இத்துறையின் குழப்பங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன. வன்பொருளோடு பேசும் நிரல் மூன்று வேறுபட்ட தேவைகளில் ஏதேனும் ஒன்றோடு வந்து நிற்கிறது. எது தன் தேவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் எந்த இன்டரப்டையும் அழைப்பதில் பயனில்லை.

முதல் தேவை, நிரல் தன் சொந்தத் தரவுகளை வைத்துக்கொள்ளக் கூடுதல் ராம் வேண்டும் என்பது. அட்டைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அது வெறும் ஒதுக்கீடு. இரண்டாவது, அட்டையின் மீதே இருக்கும் நினைவகத்தையோ ரிஜிஸ்டர்களையோ நிரல் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது. அந்த நினைவகம் ஏற்கெனவே ஒரு பௌதிக முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் ஒதுக்கித் தர வேண்டியதில்லை, நிரலின் பார்வைக்குள் கொண்டுவந்தால் போதும். அதுதான் மேப் செய்வது. மூன்றாவது தேவை இதற்கு நேர் எதிரானது: அட்டை தானாகவே கணினியின் ராமில் படிக்கவோ எழுதவோ போகிறது. அப்போது நமக்கு ராம் ஒதுக்கீடும் வேண்டும், அந்த ராமின் பௌதிக முகவரியும் தெரிய வேண்டும், அது இடைவெளியின்றித் தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

பௌதிக முகவரியும் நேரியல் முகவரியும் எப்போது வேறுபடும்?

செயலியின் பக்கமுறை (பேஜிங்) இயங்கும்போது வேறுபடும். நிரல் தரும் செக்மென்ட்டும் ஆஃப்செட்டும் சேர்ந்து ஒரு நேரியல் முகவரி கிடைக்கிறது. பக்கமுறை அணைந்திருந்தால் அதுவே பௌதிக முகவரி. பக்கமுறை இயங்கினால் நேரியல் முகவரி 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் எங்கு வேண்டுமானாலும் திருப்பிவிடப்படலாம். அட்டைக்குச் செயலியின் பக்க அட்டவணை தெரியாது. அது பௌதிக முகவரியை மட்டுமே அறியும்.

நீட்டித்த நினைவகத்தை நிர்வகிக்கும் டிரைவரான ஹிமெம்.சிஸ் மட்டும் ஏற்றப்பட்ட டாஸில் பக்கமுறை இல்லை. பக்கமுறையால் நினைவகத்தை இடம்மாற்றிக் காட்டும் இஎம்எம்386 டிரைவர் ஏற்றப்பட்டால் உண்டு. டாஸ் நிரல் நீட்டித்த நினைவகத்தை நேரடியாக அணுக உதவும் டிபிஎம்ஐ விதிமுறையைச் செயல்படுத்தும் மென்பொருள்களில், அதாவது டிபிஎம்ஐ ஹோஸ்ட்களில், பெரும்பாலானவற்றிலும் உண்டு.

எக்ஸ்எம்எஸ் வழியாக நினைவகம் ஒதுக்குவது எப்படி?

எக்ஸ்எம்எஸ் என்பது ஹிமெம்.சிஸ், ஃப்ரீடாஸின் ஹிமெம்எக்ஸ் போன்ற டிரைவர்கள் பின்பற்றும் பொது விதிமுறை. அதன் 2.0 பதிப்பு 1988 இல் வந்தது. டிரைவர் இருக்கிறதா என்று அறிய ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் 4300 வைத்து இன்டரப்ட் 2எஃப் ஐ அழைக்க வேண்டும். ஏஎல் இல் 80 திரும்பினால் டிரைவர் இருக்கிறது. பிறகு 4310 உடன் அழைத்தால் இஎஸ், பிஎக்ஸ் இணையில் டிரைவரின் நுழைவு முகவரி கிடைக்கும். அதன் பின் இன்டரப்ட் தேவையில்லை; செயல் எண்ணை ஏஎச் இல் வைத்து அந்த முகவரிக்கு நீள் அழைப்பாக, அதாவது ஃபார் காலாக, அழைத்தால் போதும்.

08 ஆம் செயல், மிகப் பெரிய காலித் துண்டின் அளவை ஏஎக்ஸ் இலும் மொத்தக் காலி அளவை டிஎக்ஸ் இலும் கிலோபைட்டில் தரும். 09 ஆம் செயலுக்கு டிஎக்ஸ் இல் தேவையான கிலோபைட்டைத் தந்தால் அதே டிஎக்ஸ் இல் ஒரு ஹேண்டில் திரும்பும். அது முகவரி அல்ல, ஒரு சீட்டு எண் மட்டுமே. தரவை உள்ளேயும் வெளியேயும் நகர்த்த 0பி செயல் உள்ளது. நீளம், மூல ஹேண்டில், மூல ஆஃப்செட், இலக்கு ஹேண்டில், இலக்கு ஆஃப்செட் என்ற வரிசையில் 16 பைட் கொண்ட ஒரு கட்டமைப்பை அதற்குத் தர வேண்டும். நீளம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஹேண்டில் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தால், அதற்குரிய ஆஃப்செட் வழக்கமான செக்மென்ட், ஆஃப்செட் முகவரியாக எடுத்துக்கொள்ளப்படும்.

டிஎக்ஸ் 16 பிட் ரிஜிஸ்டர் என்பதால் 2.0 பதிப்பின் செயல்கள் 64 மெகாபைட்டைத் தாண்டாது. 3.0 பதிப்பு 88, 89 ஆகிய செயல்களைச் சேர்த்து 32 பிட் ரிஜிஸ்டர்கள் வழியே அந்த வரம்பை நீக்கியது.

ஒதுக்கியதை 0ஏ செயலால் விடுவிப்பது நிரலின் பொறுப்பு. டாஸுக்கு இந்த ஒதுக்கீடு பற்றி எதுவும் தெரியாது. நிரல் பாதியில் முறிந்து வெளியேறினால் அந்த நினைவகம் கணினியை மறுபடி தொடங்கும் வரை திரும்பாது. ஹேண்டில்களும் அளவானவை: ஹிமெம்.சிஸ் இயல்பாக 32 மட்டுமே வைத்திருக்கும். ஆகவே கண்ட்ரோல்-சி அழுத்தத்தையும் டாஸின் கடும்பிழை இன்டரப்டான 24 ஐயும் பிடித்து, எந்த வழியில் வெளியேறினாலும் ஹேண்டில் விடுவிக்கப்படுமாறு எழுதுவதே முறை.

ஏ20 கம்பியை (ஒரு மெகாபைட்டுக்கு மேல் செல்லத் தேவையான 21 ஆவது முகவரிக் கம்பியை) நானே திறக்க வேண்டுமா?

0பி செயலால் மட்டும் தரவை நகர்த்தினால் வேண்டாம், டிரைவரே பார்த்துக்கொள்ளும். அந்த நினைவகத்தை நேரடியாகத் தொடப் போகிறீர்கள் என்றால் 05 ஆம் செயலால் திறந்து, முடிந்ததும் 06 ஆம் செயலால் மூட வேண்டும். விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சிப் வழியாகவோ போர்ட் 92 வழியாகவோ தானாகத் திறக்கும் பழைய நிரல்துண்டுகளை எக்ஸ்எம்எஸ் டிரைவர் இருக்கும் கணினியில் பயன்படுத்தாதீர்கள். டிரைவரின் கணக்கு குழம்பிவிடும்.

ரியல் மோடிலிருந்தபடியே நீட்டித்த நினைவகத்தைத் தொட முடியாதா?

முடியும், வரம்போடு. இன்டரப்ட் 15 இன் 87 ஆம் செயல் ஒரு துண்டை நகர்த்தித் தரும். அன்ரியல் மோட் எனப்படும் உத்தி இன்னொன்று: ஒரு கணம் ப்ரொடெக்டட் மோடுக்குப் (செயலியின் முழு முகவரி வரம்பையும் தரும் நிலைக்குப்) போய், செக்மென்ட் ரிஜிஸ்டரின் மறைவான வரம்பை 4 ஜிகாபைட்டாக ஏற்றிவிட்டு ரியல் மோடுக்குத் திரும்பினால், 386 முதலான செயலிகள் அந்த வரம்பை அப்படியே வைத்திருக்கும். அதன் பின் 32 பிட் ஆஃப்செட்டால் எந்தப் பௌதிக முகவரியையும் தொடலாம், அட்டையின் நினைவகம் உட்பட. ஆனால் இஎம்எம்386 ஏற்றப்பட்டிருந்தால் நிரல் வி86 மோடில் (ப்ரொடெக்டட் மோடுக்குள் 8086 போல நடக்கும் நிலையில்) ஓடுகிறது; அங்கே இந்த உத்தி செல்லாது. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஒரே கணினியில், தெரிந்த அமைப்பில் ஓடும் கருவிக்கு அன்ரியல் மோட் எளிய வழி. பிறர் கணினியில் ஓட வேண்டிய நிரலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டையின் பௌதிக முகவரியை எங்கிருந்து பெறுவது?

பிசிஐ அட்டையென்றால் பிசிஐ பயாஸிடமிருந்து பெறலாம். ஏஎக்ஸ் இல் பி101 வைத்து இன்டரப்ட் 1ஏ ஐ அழைத்தால் பயாஸ் இருக்கிறதா என்பது தெரியும். பி102 உடன் சிஎக்ஸ் இல் சாதன எண்ணையும் டிஎக்ஸ் இல் தயாரிப்பாளர் எண்ணையும் எஸ்ஐ இல் பூஜ்யத்தையும் தந்தால் அட்டை எந்தப் பஸ்ஸில், எந்த இடத்தில் உள்ளது என்பது பிஎக்ஸ் இல் கிடைக்கும். அதைக் கொண்டு பி10ஏ செயலால் அமைவுப் பகுதியின் 10 முதல் 24 வரையுள்ள ஆறு முகவரி ரிஜிஸ்டர்களைப் படிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 ஆம் ரிஜிஸ்டரில் இ0000008 என்று வருகிறது என்று கொள்வோம். கடைசி நான்கு பிட்கள் முகவரி அல்ல, குறிப்புகள். பூஜ்யமாவது பிட் 0 என்பதால் இது நினைவகம், போர்ட் அல்ல. அடுத்த இரண்டு பிட்களும் 0 என்பதால் 32 பிட் முகவரி. மூன்றாவது பிட் 1 என்பதால் முன்கூட்டியே படித்து வைத்தாலும் கேடில்லாத பகுதி. நான்கு பிட்களையும் நீக்கினால் முகவரி இ0000000. அளவைக் கண்டறிய, கட்டளை ரிஜிஸ்டரின் முதல் பிட்டால் அட்டையின் நினைவக விடையளிப்பைச் சற்று நிறுத்திவிட்டு, முகவரி ரிஜிஸ்டரில் எல்லாப் பிட்களையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். எஃப்எஃப்சி00008 என்று வந்தால், குறிப்புப் பிட்களை நீக்கி, தலைகீழாக்கி, ஒன்றைக் கூட்டினால் 00400000, அதாவது 4 மெகாபைட். பிறகு பழைய மதிப்பை மறக்காமல் திரும்ப எழுதிவிட வேண்டும். திரையை இயக்கிக்கொண்டிருக்கும் வீடியோ அட்டையில் இதைச் செய்யும்போது இடையே திரையில் எழுத முயலக் கூடாது.

வீடியோ அட்டைக்கு இதைவிட எளிய வழி உண்டு. 1994 இல் வந்த வெசாவின் விபிஇ 2.0 விதிமுறைப்படி, இன்டரப்ட் 10 இன் 4எஃப்01 செயல் தரும் மோட் தகவலில் 28 ஆம் ஆஃப்செட்டில் நேரியல் சட்டக நினைவகத்தின் (திரைப் படம் தங்கும் ஃப்ரேம் பஃபரின்) பௌதிக முகவரி இருக்கிறது. மோடை அமைக்கும்போது மோட் எண்ணின் 14 ஆவது பிட்டையும் 1 ஆக்க வேண்டும். ஐஎஸ்ஏ அட்டைகளில் முகவரி ஜம்பராலோ அட்டையின் அமைவு நிரலாலோ தீர்மானிக்கப்படும். அட்டை 15 மெகாபைட்டிலிருந்து 16 மெகாபைட் வரையான இடத்தைக் கேட்டால், பயாஸ் அமைப்பில் அந்த இடத்தின் ராமை மறைக்கும் தெரிவை இயக்க வேண்டும்.

அந்த முகவரியை என் நிரலுக்குள் மேப் செய்வது எப்படி?

இதற்கு உரிய கருவி டிபிஎம்ஐ. அதன் 0.9 பதிப்பு 1990 இல் வெளியானது. டாஸ்/4ஜிடபிள்யூ, சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ, எச்டிபிஎம்ஐ32 ஆகிய ஹோஸ்ட்கள் எல்லாமே அதை ஆதரிக்கின்றன. இன்டரப்ட் 31 இன் 0800 செயலுக்குப் பௌதிக முகவரியின் மேல் பாதியைப் பிஎக்ஸ் இலும் கீழ்ப் பாதியைச் சிஎக்ஸ் இலும், அளவின் மேல் பாதியை எஸ்ஐ இலும் கீழ்ப் பாதியை டிஐ இலும் தர வேண்டும். மேலே கண்ட அட்டைக்குப் பிஎக்ஸ் இ000, சிஎக்ஸ் 0000, எஸ்ஐ 0040, டிஐ 0000. கேரி கொடி எழாமல் திரும்பினால் பிஎக்ஸ், சிஎக்ஸ் இணையில் ஒரு நேரியல் முகவரி இருக்கும். அது நீங்கள் தந்த பௌதிக முகவரியாகவே இருக்கலாம், முற்றிலும் வேறாகவும் இருக்கலாம். சமமாக இருக்கும் என்று எண்ணி எழுதிய நிரல் வேறொரு ஹோஸ்ட்டில் விழுந்துவிடும்.

இந்தச் செயலுக்குச் சில எல்லைகள் உண்டு. முதல் மெகாபைட்டுக்குள் உள்ள முகவரிக்கு இதை அழைக்கக் கூடாது. ஏ000, பி800 போன்ற இடங்களுக்கு 0002 செயலால் செக்மென்ட்டுக்குரிய செலக்டரைப் (ப்ரொடெக்டட் மோடில் ஒரு நினைவகப் பகுதியைக் குறிக்கும் எண்ணைப்) பெறலாம், டிஜேஜிபிபி என்ற கம்பைலரைப் பயன்படுத்துவோருக்கு முதல் மெகாபைட்டைக் காட்டும் ஆயத்தச் செலக்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மேப்பிங் 4 கிலோபைட் பக்க எல்லையில்தான் நடப்பதால், ரிஜிஸ்டர்கள் பக்கத்தின் நடுவில் தொடங்கினால் பக்கத் தொடக்கத்தை மேப் செய்து எஞ்சியதை நீங்களே கூட்டிக்கொள்வது பாதுகாப்பானது. மேப்பிங்கை நீக்கும் 0801 செயல் 1.0 பதிப்பில்தான் சேர்ந்தது, 0.9 ஹோஸ்ட்டில் ஒருமுறை மேப் செய்தது நிரல் முடியும் வரை அப்படியே நிற்கும். ஆகவே ஒவ்வொரு படிப்புக்கும் மேப் செய்யாமல், தொடக்கத்தில் ஒரேமுறை செய்து முகவரியைச் சேமித்து வையுங்கள்.

மேப்பிங் வெற்றி என்கிறது, ஆனால் படித்தால் குப்பை வருகிறது. ஏன்?

பெரும்பாலும் நேரியல் முகவரியைச் சுட்டியாக அப்படியே பயன்படுத்தியதே காரணம். வாட்காம் கம்பைலரும் டாஸ்/4ஜிடபிள்யூவும் சேர்ந்த அமைப்பில் தரவுச் செக்மென்ட்டின் அடிமுகவரி பூஜ்யம். அங்கே நேரியல் முகவரியே செல்லுபடியாகும் சுட்டி. டிஜேஜிபிபியில் அடிமுகவரி பூஜ்யம் அல்ல. அங்கே முறையான வழி, 0000 செயலால் ஒரு டிஸ்கிரிப்டர் (ஒரு பகுதியின் அடிமுகவரியையும் வரம்பையும் வைத்திருக்கும் பதிவு) பெற்று, 0007 செயலால் அதன் அடிமுகவரியை மேப் செய்த நேரியல் முகவரியாகவும், 0008 செயலால் அதன் வரம்பை அளவில் ஒன்று குறைவாகவும் அமைத்து, ஃபார் சுட்டிச் சார்புகளால் படிப்பதும் எழுதுவதும் ஆகும். ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட வரம்புக்குக் கடைசி 12 பிட்களும் 1 ஆக இருக்க வேண்டும். இல்லையேல் 0008 தோல்வியடையும். அளவைப் பக்கங்களின் முழு மடங்காக வைத்தால் இது தானாகவே சரியாகிவிடும்.

டிஜேஜிபிபியில் நியர் சுட்டிகளை இயக்கி, நேரியல் முகவரியிலிருந்து அடிமுகவரியைக் கழித்தும் பயன்படுத்தலாம். வேகம் கூடும். ஆனால் அப்போது நினைவகப் பாதுகாப்பு முழுவதும் நீங்கிவிடுகிறது. பூஜ்யச் சுட்டி ஒன்று தவறிப் போனாலும் டாஸ் சிதையும். மேலும், நிரல் ஓடும்போதே நினைவகம் வளர்ந்தால் அடிமுகவரி மாறக்கூடும் என்பதால் கழித்த மதிப்பைச் சேமித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். சட்டக நினைவகத்தில் படம் நிரப்பும் உள்வளையத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, ரிஜிஸ்டர்களைச் செலக்டர் வழியே அணுகுவது நல்ல சமரசம்.

டிபிஎம்ஐயின் 0501 செயலால் ஒதுக்கிய நினைவகத்தின் முகவரியை அட்டைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. 0501 தருவது நேரியல் முகவரி. அதன் பின்னே இருக்கும் பக்கங்கள் பௌதிக ராமில் சிதறிக் கிடக்கலாம். மெய்நிகர் நினைவகம் உள்ள ஹோஸ்ட்டில் அவற்றில் சில அந்த நேரத்தில் வட்டில்கூட இருக்கலாம். 0600 செயலால் பூட்டினாலும் பக்கங்கள் ராமில் நிற்கும் என்பதுதான் உறுதியாகிறதே ஒழிய, அவற்றின் பௌதிக முகவரி தெரிந்துவிடுவதில்லை. டிபிஎம்ஐ 0.9 இல் நேரியலிலிருந்து பௌதிகத்தைக் கேட்டறியும் செயலே இல்லை. அட்டை எழுதுவதாகச் சொல்கிறது, பஃபரில் ஒன்றும் வரவில்லை, சற்று நேரத்தில் கணினி உறைகிறது என்றால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

பஸ் மாஸ்டர் அட்டைக்குப் (தானாகவே ராமில் படித்து எழுதும் அட்டைக்குப்) பெரிய, தொடர்ச்சியான பஃபர் வேண்டும். என்ன செய்வது?

ஒதுக்கீட்டை எக்ஸ்எம்எஸ் இடமும் பார்வையை டிபிஎம்ஐ இடமும் கேட்பதே என் அனுபவத்தில் மிக உறுதியான வழி. எக்ஸ்எம்எஸ் துண்டை 09 ஆம் செயலால் ஒதுக்கி, 0சி செயலால் பூட்டினால் டிஎக்ஸ், பிஎக்ஸ் இணையில் 32 பிட் முகவரி கிடைக்கும். ஹிமெம் மட்டும் உள்ள டாஸில் அதுவே பௌதிக முகவரி. ஒரே ஹேண்டிலின் துண்டு தொடர்ச்சியாகவும் இருக்கும். அந்த முகவரியை அட்டைக்குக் கொடுத்துவிட்டு, அதே முகவரியை 0800 செயலுக்குத் தந்து நிரலின் பார்வைக்குள் மேப் செய்துகொள்ளலாம். இப்போது அட்டையும் நிரலும் ஒரே ராமை இருபுறமிருந்து பார்க்கின்றன.

கவனிக்க வேண்டியவை சில. எக்ஸ்எம்எஸ் கிலோபைட் கணக்கில் ஒதுக்குவதால் துண்டு 4 கிலோபைட் எல்லையில் தொடங்கும் என்ற உறுதியில்லை. 4 கிலோபைட் கூடுதலாகக் கேட்டு, முகவரியை அடுத்த பக்க எல்லைக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். ப்ரொடெக்டட் மோடிலிருந்து எக்ஸ்எம்எஸ் நுழைவை அழைக்க 0301 செயலைப் பயன்படுத்தலாம். ஆனால் சில ஹோஸ்ட்கள் தொடங்கும்போதே காலி நினைவகம் முழுவதையும் தமக்கென எடுத்துக்கொள்வதால், ப்ரொடெக்டட் மோடுக்குள் நுழையும் முன்பே, ஒரு சிறு ரியல் மோட் நிரலால் ஒதுக்கி ஹேண்டிலையும் முகவரியையும் கைமாற்றுவது மேல். எக்ஸ்எம்எஸ் விதிமுறை, துண்டைக் கூடிய குறைந்த நேரமே பூட்டி வைக்கச் சொல்கிறது. அட்டை இயங்கும் வரை பூட்டைத் திறக்க முடியாது என்பதால் இங்கே அந்த அறிவுரையைக் கைவிடத்தான் வேண்டும்.

வெளியேறும் ஒழுங்கும் முக்கியம். முதலில் அட்டையை நிறுத்தி, பிசிஐ கட்டளை ரிஜிஸ்டரின் இரண்டாவது பிட்டை 0 ஆக்கி அதன் பஸ் மாஸ்டர் உரிமையைப் பறித்த பின்பே பூட்டைத் திறந்து துண்டை விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால், அடுத்து அந்த நினைவகத்தைப் பெறும் நிரலின் மீது அட்டை எழுதிக்கொண்டிருக்கும். பிழை வெளிப்படும்போது அதன் மூலத்தைக் கண்டறிய வழியே இருக்காது.

ஐஎஸ்ஏ அட்டையின் டிஎம்ஏவுக்கும் (செயலி இன்றி 8237 சிப் தரவை நகர்த்தும் முறைக்கும்) இதே முறை போதுமா?

போதாது, அங்கே இரண்டு கூடுதல் வரம்புகள் உண்டு. ஐஎஸ்ஏ டிஎம்ஏ 24 பிட் முகவரி கொண்டது, ஆகவே பஃபர் முதல் 16 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். மேலும் 8 பிட் சேனல்களான 0 முதல் 3 வரையில் பஃபர் 64 கிலோபைட் எல்லையையும், 16 பிட் சேனல்களான 5 முதல் 7 வரையில் 128 கிலோபைட் எல்லையையும் கடக்கக் கூடாது. காரணம், 8237 சிப்பின் முகவரி எண்ணி 16 பிட் மட்டுமே. மேல் பிட்கள் தனியான பக்க ரிஜிஸ்டரில் உள்ளன, எண்ணி நிரம்பி வழிந்தாலும் அது நகராது.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். 32 கிலோபைட் பஃபர் 29000 என்ற முகவரியில் கிடைத்தது என்று கொள்வோம். அட்டை 29000 முதல் 2எஃப்எஃப்எஃப்எஃப் வரை 28 கிலோபைட்டை ஒழுங்காக எழுதும். அடுத்த பைட் 30000 க்குப் போக வேண்டும். ஆனால் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்புவதால் அது 20000 க்குப் போகும். எஞ்சிய 4 கிலோபைட்டும் அங்கே இருந்த எதன் மீதோ எழுதப்படும். பிழைச் செய்தி ஏதும் வராது.

தீர்வு எளிது: இரு மடங்கு கேளுங்கள். டிபிஎம்ஐயின் 0100 செயலுக்குப் பிஎக்ஸ் இல் 1000 பத்திகள் (ஒவ்வொன்றும் 16 பைட்), அதாவது 64 கிலோபைட், தந்தால் ஏஎக்ஸ் இல் செக்மென்ட்டும் டிஎக்ஸ் இல் செலக்டரும் வரும். செக்மென்ட் 2900 என்றால் பகுதி 29000 இல் தொடங்குகிறது. அங்கே 32 கிலோபைட் பஃபர் 64 கிலோபைட் எல்லையைக் கடப்பதால் 30000 க்கு முன்னேறி அங்கிருந்து பயன்படுத்துங்கள். 30000 முதல் 37எஃப்எஃப்எஃப் வரை எந்த எல்லையும் குறுக்கிடாது. சிறிய ஒலி பஃபர் போன்றவற்றுக்கு 640 கிலோபைட்டுக்குள் இப்படி ஒதுக்குவதே சிறந்தது. நீட்டித்த நினைவகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இஎம்எம்386 இருக்கும்போது டிஎம்ஏ முகவரிகளை நம்பலாமா?

640 கிலோபைட்டுக்குள் பொதுவாக நேரியலும் பௌதிகமும் ஒன்றாகவே இருக்கும். 640 கிலோபைட்டுக்கும் ஒரு மெகாபைட்டுக்கும் இடையிலுள்ள மேல் நினைவகத் துண்டுகளில் அப்படி இல்லை. இஎம்எம்386 வேறெங்கோ உள்ள ராமைத் திருப்பிவிட்டுத்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. அங்கே ஏற்றப்பட்ட நிரலின் பஃபர் முகவரியைப் பஸ் மாஸ்டர் அட்டைக்குத் தந்தால் தவறான இடத்தில் எழுதப்படும். ஸ்மார்ட்டிரைவ் நிரலில் இரட்டைப் பஃபர் தெரிவு வந்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான்.

இதை முறையாகத் தீர்ப்பது விடிஎஸ், அதாவது வர்ச்சுவல் டிஎம்ஏ சர்வீசஸ், விதிமுறை. 0040:007பி இல் உள்ள பைட்டின் ஐந்தாவது பிட் 1 ஆக இருந்தால் அது கிடைக்கும். இன்டரப்ட் 4பி இன் 8103 செயல் ஒரு பகுதியைப் பூட்டி அதன் பௌதிக முகவரியைத் தரும். 8104 பூட்டைத் திறக்கும். தொடர்ச்சியற்ற பகுதியைத் துண்டுதுண்டாகப் பட்டியலிட 8105. அந்தப் பிட் 0 என்றால் மேலே சொன்ன நேரடிக் கணக்கைப் பின்பற்றலாம். இரண்டு வழிகளையும் நிரலில் வைத்திருப்பது கூடுதல் உழைப்புத்தான். பிறர் கணினியில் ஓடப் போகும் நிரலுக்கு அதைத் தவிர்க்க முடியாது.

அட்டையின் நினைவகம் டி0000 போன்ற இடத்தில் இருக்கிறது. சில நேரம் மட்டும் தவறாகப் படிக்கிறது.

அதே முகவரியை இஎம்எம்386 மேல் நினைவகத் துண்டாகவோ இஎம்எஸ் சாளரமாகவோ எடுத்துக்கொண்டிருக்கும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இஎம்எம்386 வரியோடு எக்ஸ்=டி000-டி7எஃப்எஃப் என்ற விலக்கை, அந்த எக்ஸையும் இலக்கங்களையும் ஆங்கில எழுத்துகளில் சேர்த்தால் அந்த 32 கிலோபைட்டை அது தொடாது.

இன்டரப்ட் கையாளியில் கவனிக்க வேண்டியது என்ன?

கையாளியின் குறிமுறை, அது தொடும் மாறிகள், அதன் ஸ்டாக் ஆகிய அனைத்தையும் 0600 செயலால் பூட்டுங்கள். கையாளி ஓடும் நேரத்தில் ஒரு பக்கம் வட்டில் இருந்தால், ஹோஸ்ட் அதை எடுத்துவர டாஸை அழைக்கும். டாஸோ மறுநுழைவைத் தாங்காது. மெய்நிகர் நினைவகமே இல்லாத ஹோஸ்ட்டைத் தேர்ந்துகொண்டால் இந்தக் கவலை குறையும், சிடபிள்யூஎஸ்டிபிஆர்0 அத்தகையது.

எழுதிய மதிப்பு அட்டைக்குப் போகாதது போலத் தெரிகிறது.

முதலில் சுட்டியை வாலட்டைல் என்று அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பைலர் இரண்டு எழுதல்களை ஒன்றாக்கியோ, படிப்பையே நீக்கியோ விடலாம். அடுத்து அகலம்: 32 பிட் ரிஜிஸ்டரை நான்கு தனிப் பைட்டுகளாக எழுதுவதைப் பல அட்டைகள் ஏற்பதில்லை. மூன்றாவது, பிசிஐ பாலங்கள் எழுதல்களைச் சற்றுத் தேக்கி வைக்கக்கூடும். அட்டையிலிருந்து ஒரு ரிஜிஸ்டரைப் படித்தால் அதற்கு முந்தைய எழுதல்கள் போய்ச் சேர்ந்துவிடும்.

சட்டக நினைவகத்தில் எழுதுவது மிக மெதுவாக இருந்தால், பென்டியம் புரோ முதலான செயலிகளின் நினைவகப் பகுதிகளின் வகையைத் தீர்மானிக்கும் எம்டிஆர்ஆர் ரிஜிஸ்டர்களால் அந்தப் பகுதியை எழுதல்களைச் சேர்த்து அனுப்பும் (ரைட் கம்பைனிங்) வகைக்கு மாற்றலாம். அதற்கு ரிங் 0, அதாவது செயலியின் மிக உயர்ந்த, உரிமை வேண்டும். கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்கள் உள்ள பகுதியை ஒருபோதும் அவ்வாறு மாற்றக் கூடாது. அங்கே எழுதல்களின் வரிசையும் எண்ணிக்கையும் பொருள் உள்ளவை.

விண்டோஸிலும் எமுலேட்டரிலும் இவை இயங்குமா?

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் டாஸ் சாளரத்தில் டிபிஎம்ஐ 0.9 உண்டு, ஆனால் எக்ஸ்எம்எஸ் பூட்டு தரும் முகவரியை அங்கே பௌதிக முகவரியாகக் கொள்ளக் கூடாது. என்டி வழிவந்த விண்டோஸ்கள் டாஸ் நிரலை அட்டையின் நினைவகத்தைத் தொட விடுவதில்லை. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்கள் ஓடுவதே இல்லை. டாஸ்பாக்ஸ் தன் கற்பனை வீடியோ அட்டையை மட்டும் மேப் செய்து காட்டும். உங்கள் உண்மையான பிசிஐ அட்டை அதற்குத் தெரியாது.

புதிய கணினியில் அட்டையைக் கண்டுபிடிக்க முடிகிறது, ஆனால் மேப் செய்ய முடியவில்லை.

முகவரி ரிஜிஸ்டரின் முதல், இரண்டாம் பிட்களைப் பாருங்கள். இரண்டாம் பிட் 1 ஆகவும் முதல் பிட் 0 ஆகவும் இருந்தால் அது 64 பிட் முகவரி. அதன் மேல் பாதி அடுத்த ரிஜிஸ்டரில் இருக்கிறது. அந்த மேல் பாதி பூஜ்யமாக இல்லையென்றால் அட்டை 4 ஜிகாபைட்டுக்கு மேல் அமர்த்தப்பட்டிருக்கிறது என்று பொருள். 0800 செயல் 32 பிட் முகவரியை மட்டுமே ஏற்பதால் அங்கே எட்ட முடியாது. பயாஸ் அமைப்பில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அட்டைகளை அமர்த்தும் தெரிவு இருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், பெரும்பாலும் அட்டை 32 பிட் எல்லைக்குள் இறங்கிவிடும். பழைய பயாஸ் இணக்கமே இல்லாமல் யுஇஎஃப்ஐ மட்டும் கொண்டு வரும் கணினிகளில் டாஸே தொடங்காது என்பதால், அட்டையை மாற்றுவதைவிடப் பழைய தாய்ப்பலகை ஒன்றைத் தேடுவதே அங்கே நடைமுறைக்கு ஏற்றது.